முப்பது பவுண்டு காற்று

கோலியனூர் கூட்டுரோடு எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த இடம். விழுப்புரத்திலிருந்து வரும் ரோடு இங்கேதான் இரண்டாகப் பிரியும். ஒன்று கிழக்கே பாண்டிக்கு, இன்னொன்று தெற்கே பண்ருட்டிக்கும் அதைத் தாண்டிக் கும்பகோணத்துக்கும். ரோடு பிரிகிற இடத்தில் என்னென்ன இருக்குமோ அவையெல்லாம் உண்டு. டீக்கடை, பழக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, கொஞ்சம் தள்ளி ஒரு பஞ்சர் கடை. கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. கம்பத்தில் ஒரு பழைய டயரைத் தொங்கவிட்டு அதில் வெள்ளை பெயிண்டில் 'பஞ்சர்' என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான விளம்பரப் பலகையை நான் பார்த்ததில்லை.

அந்தக் கடை அண்ணன் ஒருநாள் எனக்கு டயர் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். படிக்க என்றால் நிஜமாகவே படிக்க. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மூன்று ஆட்டோ டயர்களைக் காட்டினார்.

"இது பாரு தம்பி, ரெண்டு ஓரமும் போயிருச்சி, நடுவுல மட்டும் பட்டன் நிக்குது. காத்து கம்மியா வெச்சி ஓட்டிருக்கான். இது நடு மண்டையில வழுக்கை. காத்து ஜாஸ்தி. இது ஒரே பக்கமா தேஞ்சிருக்குது பாரு, இவனுக்கு வீல்ல எங்கியோ கோணல். அவன் இன்னா பண்ணான், எவ்ளோ லோடு ஏத்தினான், அவன் சொல்லவே வாணாம். டயரு சொல்லிடும்."

நான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியது அந்தக் கடைசி வாக்கியத்தால்தான். ஆட்டோ பற்றித் தமிழில் சினிமாப் பாட்டு இருக்கிறது, மீட்டர் சண்டை பற்றிச் செய்திகள் இருக்கின்றன. அதன் மூன்று டயர்களைப் பற்றி, அவற்றுக்குள் இருக்கும் காற்றைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. அந்தக் காற்றுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அது தொடங்குவதே ஒரு மூன்று சக்கர வண்டியில்தான்.

*

1888. அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரம். ஜான் பாய்ட் டன்லப் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே மாட்டு வைத்தியம், குதிரை வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள். அந்தக் காலத்துச் சக்கரங்களில் கெட்டி ரப்பர் இருக்கும், அல்லது வெறும் இரும்பு. கல் பாவிய தெருவில் அதை ஓட்டினால் பல் கிட்டிக்கும். டன்லப் மெல்லிய ரப்பர் தகட்டை ஒட்டிக் குழாயாக்கி, ஒரு மர வட்டின் மேல் சுற்றிக் காற்றடைத்தார். பிறகு செய்த சோதனை சின்னப்பிள்ளை விளையாட்டுதான். வீட்டு முற்றத்தில் இரும்புச் சக்கரத்தை ஒருமுறை உருட்டிவிட்டார், காற்றுச் சக்கரத்தை ஒருமுறை உருட்டிவிட்டார். இரும்பு பாதியில் சாய்ந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தைக் கடந்து, எதிரே இருந்த வாசல் கம்பத்தில் மோதித் திரும்பி வந்தது.

அடுத்து மகனின் வண்டியில், பின்னால் இருந்த இரண்டு சக்கரங்களுக்கும் காற்று டயர் போட்டார். ஆக, டன்லப்பின் டயர் முதலில் தேய்ந்தது ஒரு மூன்று சக்கர வண்டியின் பின் சக்கரங்களில். அங்கிருந்து கோலியனூர் ஆட்டோவரை ஒரு நேர்கோடு போடலாம்போல் எனக்குத் தோன்றியது. சரித்திரம் அவ்வளவு நேராக இல்லை. இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், ராபர்ட் வில்லியம் தாம்சன், 1845-லேயே காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். லண்டன் ரீஜன்ட் பூங்காவில் குதிரை வண்டிகளில் பூட்டி ஓட்டியும் காட்டினார். ரப்பர் விலை கட்டுப்படியாகவில்லை, சைக்கிளும் அப்போது கிடையாது, எல்லோரும் மறந்துபோனார்கள். டன்லப்பின் காப்புரிமை பிறகு செல்லாமல் போனதற்குக் காரணம் தாம்சனின் அந்தப் பழைய காகிதம்தான். பெயர் மட்டும் டன்லப்புக்கு நின்றுவிட்டது. சென்னை அம்பத்தூரில் டன்லப் டயர் தொழிற்சாலை இருந்ததை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

பெயர் நிற்பது என்றதும் ஒரு சின்ன விஷயம். நாம் உபரிச் சக்கரத்தை 'ஸ்டெப்னி' என்கிறோம். இங்கிலாந்துக்காரரிடம் போய் ஸ்டெப்னி என்றால் விழிப்பார். வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒரு தெரு. 1904-இல் அங்கே கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்றார்கள், தெருவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கம்பெனி போய்விட்டது. அந்த ஊரிலேயே வழக்கொழிந்த சொல் நம் ஆட்டோ சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

*

டயரை விட்டுக் கொஞ்சம் வண்டிக்கு வருவோம். ஆட்டோவின் டயர் ஏன் அந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது ஏன் அப்படித் தேய்கிறது என்று புரியும்.

இரண்டாம் உலகப் போரில் தோற்ற இத்தாலி. போர் விமானம் செய்துகொண்டிருந்த பியாஜியோ நிறுவனத்துக்கு இனி விமானம் செய்ய வழியில்லை. கொர்ராதினோ தஸ்கானியோ என்ற விமானப் பொறியாளர் 1946-இல் அவர்களுக்காக வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்தார். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்காமல் ஒரே பக்கம் மட்டும் பிடிக்கும் அமைப்பு விமானத்தின் தரையிறங்கு சக்கரத்திலிருந்து வந்தது. சக்கரம் சின்னது, கழற்றிப் பூட்ட சுலபம். 1948-இல் அதே ஸ்கூட்டரின் பின்பக்கத்தை இரண்டு சக்கரமாக்கி, மேலே ஒரு பெட்டியை வைத்து சந்தைக்கு விட்டார்கள். வெஸ்பா என்றால் இத்தாலியில் குளவி. இந்தப் புது வண்டிக்கு 'ஆப்பே' என்று பெயர், தேனீ என்று பொருள். லாரி வாங்கக் காசில்லாத கடைக்காரர்களுக்கான வண்டி அது. காய்கறி, ரொட்டி, தபால் ஏற்றினார்கள்.

அந்தச் சாமான் வண்டியில் மனிதரை ஏற்றலாம் என்று யோசித்தவர்களில் நம் நாட்டில் முக்கியமானவர் நவல்மல் ஃபிரோதியா. மராட்டியத்தின் அகமத்நகரைச் சேர்ந்த சுதந்திரப் போராட்டக்காரர். மனிதனை மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாவுக்கு மாற்றாக 1940-களின் கடைசியில் அவர் இந்த மூன்று சக்கர வண்டியைப் பார்த்தார். 1959-இல் பஜாஜ் நிறுவனம் பியாஜியோவிடம் உரிமம் வாங்கி இங்கேயே வண்டி செய்ய ஏற்பாடானது. 1977-இல் எஞ்சினைப் பின்னால் கொண்டுபோய் வைத்த மாடல் வந்தது. நம் ஊர் ஆட்டோக்களின் பின்னால் 'ஆர்இ' என்று எழுதியிருக்குமே, அது ரியர் எஞ்சின். தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷா ஒழிந்தது 1973-இல். பிறகு வந்த தலைமுறைக்கு ரிக்‌ஷா என்ற சொல்லே தேய்ந்து வெறும் 'ஆட்டோ'தான் மிச்சம்.

எஞ்சின் பின்னால் போனதும் எடையும் பின்னால் போனது. பயணிகள் பின்னால், எஞ்சின் பின்னால், வண்டியைத் தள்ளுவதும் பின் சக்கரங்கள். முன்னால் ஒற்றைச் சக்கரம், வளைப்பதற்கு. ஆனால் சக்கர அளவு ஸ்கூட்டர் காலத்தோடு நின்றுவிட்டது. 4.00-8 என்று டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும். நாலு அங்குல அகலம், எட்டு அங்குல ரிம். ஆக மொத்தம் தரையிலிருந்து சுமார் 16 அங்குல உயரம். இரண்டு பேர் உட்கார்ந்து போகும் குளவிக்கு அளவெடுத்த செருப்பை மூட்டை சுமக்கும் தேனீக்கு மாட்டியதுபோல.

சின்னச் சக்கரத்தில் என்ன கெடுதல்? கணக்குப் போட்டால் தெரியும். ஆட்டோ டயர் ஒரு சுற்று சுற்றினால் சுமார் 1.3 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 780 சுற்று. அதே ரோட்டில் போகும் நம் அரசு பஸ்ஸின் டயர் ஒரு கிலோமீட்டருக்கு 300 சுற்றுதான் சுற்றும். அதாவது ஆட்டோ டயரின் ஒவ்வொரு பட்டனும் பஸ் டயரின் பட்டனைவிட இரண்டரை மடங்கு தடவை ரோட்டைத் தொடுகிறது. விழுப்புரம் போய் வருவதற்குள் ஆயிரக்கணக்கான உரசல்கள் கூடுதல். பெரிய சக்கரம் தாண்டிப் போகும் பள்ளத்தில் சின்னச் சக்கரம் இறங்கித்தான் ஏறும்.

இன்னொன்று, நாலு சக்கர வண்டிக்கு ரோட்டில் இரண்டு தடம். ஆட்டோவுக்கு மூன்று. மண் ரோட்டில் மாட்டு வண்டியும் டிராக்டரும் ஓடி ஓடிப் போட்ட இரண்டு பள்ளங்களில் பின் சக்கரங்கள் இறங்கிவிடும். முன் சக்கரம் மட்டும் நடு மேட்டில் போகும். யாரும் மிதிக்காத அந்த நடு மேட்டில்தான் கல்லும் கருவேல முள்ளும் அப்படியே கிடக்கும். ஏரிக்கரை ரோட்டு ஆட்டோவுக்கு முன் டயர் அடிக்கடி பஞ்சராவதை நான் ராசி என்று நினைத்திருந்தேன்.

*

இனி காற்று.

எங்கள் பக்கம் காற்றை பவுண்டில்தான் சொல்வார்கள். "எவ்ளோ வுடட்டும்?" "முப்பது வுடுணா." ஒரு சதுர அங்குலத்தை முப்பது பவுண்டு எடை அழுத்துவதற்குச் சமமான அழுத்தம் அது. நம் அளவில் சொன்னால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.1 கிலோ. இதிலிருந்து ஒரு விசித்திரமான உண்மை கிடைக்கும். வண்டியின் எடையைத் தாங்குவது டயரின் ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. அப்படியானால் 210 கிலோ சுமக்கும் சக்கரம் ரோட்டில் எவ்வளவு இடத்தைத் தொட்டால் போதும்? சுமார் 100 சதுர சென்டிமீட்டர். ஒரு உள்ளங்கை. டிரைவரும் மூன்று பயணிகளுமாக 600 கிலோ இருக்கும் ஆட்டோ முழுவதும் ரோட்டில் நிற்பது ஏ4 தாளில் பாதிக்கும் குறைவான இடத்தில். டயரின் விறைப்பையும் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் அளவு இதுதான். மழை நாளில் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போகும்போது இந்த அரைத் தாளை நினைத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று பேர் ஏறும் வண்டியில் பத்துப் பேர் ஏறினால்? எடை 900 கிலோ பக்கம் போகும். காற்று அதேதான் என்றால் டயர் தரையைத் தொடும் இடம் ஒன்றரை மடங்காக வேண்டும். நாலு அங்குல டயரால் அகலத்தில் விரிய முடியாது. அதனால் சப்பையாகி நீளத்தில் விரியும். நடுப்பகுதி உள்ளே தூக்கிக்கொள்ள, எடை இரண்டு ஓரங்களுக்குப் போகும். ஓரப் பட்டன்கள் தேயும். பஞ்சர் கடையில் பார்த்த முதல் டயரின் கதை இது. அந்த டிரைவர் ஒருவேளை காற்றே குறைக்காமல் இருந்திருக்கலாம். முப்பது வைத்தே ஓட்டியிருக்கலாம். மூன்று பேருக்குச் சரியான முப்பது பத்துப் பேருக்குக் குறைவு. காற்று குறைவு என்று அண்ணன் சொன்னதை ஆள் அதிகம் என்றும் படிக்கலாம்.

வெயில் காலத்தில் இதில் இன்னொரு சிக்கல் சேரும். அக்னி நட்சத்திரம் வந்தால் எங்கள் ஊர் டிரைவர்கள் காற்றைக் குறைத்து வைப்பார்கள். "சூட்டுல காத்து வீங்கி டயரு வெடிச்சிரும்." பாதி சரி. காலையில் 27 டிகிரியில் முப்பது பவுண்டு வைத்த டயர், ஓடி 60 டிகிரி சூடானால் உள்ளே 35 பவுண்டு ஆகும். ஐந்து பவுண்டு ஏற்றத்தை நல்ல டயர் சாதாரணமாகத் தாங்கும், அதற்கு இடம் விட்டுத்தான் அளவு குறித்திருக்கிறார்கள். காற்றைக் குறைத்தால் நடப்பது வேறு. சப்பையான டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரியும். கிலோமீட்டருக்கு 780 மடக்கு. கம்பியைத் திருப்பித் திருப்பி வளைத்தால் சூடாகுமே, அதுபோல ரப்பரும் நூலும் உள்ளுக்குள் சூடாகும். வெயிலைவிட இந்தச் சூடுதான் டயரைப் பிரிக்கும். வெடிப்புக்குப் பயந்து குறைத்த காற்றே வெடிப்புக்கு வழி செய்கிறது.

இதை நான் ஸ்டாண்டில் ஒரு டிரைவரிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காத்து புல்லா வெச்சா பள்ளத்துல எகிறுது சார், பொம்பளைங்க திட்றாங்க. அதுக்கு இன்னா சொல்ற?" என்றார். என்னிடம் பதில் இல்லை. சின்னச் சக்கரம், மோசமான ரோடு இரண்டுக்கும் நடுவில் மெத்தை வேலையையும் காற்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை எந்தக் கணக்கிலும் நான் சேர்க்கவில்லை.

*

தேய்ந்த பட்டன் எங்கே போகிறது என்பதற்கு முன், அது எங்கிருந்து வந்தது?

ரப்பர் மரம் அமேசான் காட்டுக்காரன். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. பிறகு டன்லப், பிறகு மோட்டார் கார். ரப்பர் விலை ஏறியது. மலாயாவில் காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள். பால் வெட்ட ஆள் வேண்டும். தஞ்சை, திருச்சி, சேலம், வடார்க்காடு, எங்கள் தென்னார்க்காடு எங்கும் கங்காணிகள் வந்து ஆள் பிடித்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைய மலேசியத் தமிழர்கள். உலகத்தின் டயர்களில் பெரும்பங்கு பால் தமிழ்க் கைகள் வெட்டியது என்று சொல்வது மிகையில்லை. அப்படிக் கப்பலேறிய குடும்பங்களில் எத்தனை பேர் சொந்த ஊரில் ஒரு டயர் வண்டியைப் பார்த்திருப்பார்கள்!

1942-இன் தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவைப் பிடித்தது. ஒரே அடியில் உலக ரப்பர் வியாபாரம் நின்றது. டயர் கிடைக்காது என்றானதும் தேய்ந்த டயருக்குப் புது மதிப்பு வந்தது. உடம்பு நன்றாக இருக்கும் டயரின் மேல் தோலை மட்டும் சீவி, புது ரப்பர்ப் பட்டையை ஒட்டிச் சூட்டில் வேகவைத்தால் மறுபடி ஓடும். ரீட்ரெடிங். மதுரையில் பஸ் கம்பெனி நடத்திய டி.வி. சுந்தரம் அய்யங்கார் போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்துக்குக் கரிவாயு இயந்திரம் செய்தார், டயருக்கு ரீட்ரெடிங் தொழிற்சாலை ஆரம்பித்தார். பஞ்சம்தான் இந்தத் தொழிலின் தாய்.

அடுத்த பெயர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. 1946-இல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கியவர். காற்றடைக்கும் தொழில்தான், சின்ன அளவில். உறவினர் ஒருவரின் ரீட்ரெடிங் பட்டறைக்கு ரப்பர்ப் பட்டை வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து வருவதைப் பார்த்து, நாமே செய்தால் என்ன என்று 1952-இல் இறங்கினார். நான்கைந்து வருடத்தில் இந்தியாவின் ரீட்ரெட் ரப்பர் சந்தையில் பாதி அவர் கையில். வெளிநாட்டுக் கம்பெனிகள் அந்தச் சந்தையை விட்டு விலகின. 1961-இல்தான் முழு டயர் செய்தார்கள். மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி. சச்சின் மட்டையில் நாம் பார்த்த எம்ஆர்எஃப். இந்தியாவின் பெரிய டயர் கம்பெனி ஒன்று புது டயரில் தொடங்கவில்லை, தேய்ந்த டயரில் தொடங்கியது என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். புது டயர் வாங்க முடியாத நாட்டின் தேவையைச் சரியாகப் படித்திருக்கிறார்.

கூட்டுரோட்டு அண்ணனும் ஒரு வகையில் இந்தக் கேரள வழியில் வந்தவர்தான். நம் நெடுஞ்சாலைகளில் பஞ்சர் கடை வைத்திருப்பவர்களில் நிறைய மலையாளிகள். திருச்சி ரோட்டில் அப்படி ஒரு சேட்டனிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றார். ஆட்டோ ரிம் இரண்டு பாதியாகப் பிரியும், போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் காற்றை முழுக்க இறக்கிவிட வேண்டும், மறந்தால் ரிம் பாதி முகத்துக்கு வரும் என்பதுதான் முதல் பாடமாம். முதல் நாளே சேட்டன் ஒரு அறை விட்டுச் சொல்லிக்கொடுத்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

*

எவ்வளவு தேயலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகள்படி கார், பஸ், லாரி டயரில் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டர் போதும். நேர்ப் பாதி. ஒரு ரூபாய்க் காசின் தடிமன்கூட இல்லை. ஸ்கூட்டர் வம்சத்தில் வந்ததால் ஆட்டோவையும் ஸ்கூட்டரோடு சேர்த்து எழுதிவிட்டார்கள்போலத் தெரிகிறது. ஸ்கூட்டரில் இரண்டு பேர், ஆட்டோவில் எத்தனை பேர் என்பது ரோட்டில் நிற்கும் எவருக்கும் தெரியும்.

அந்த 0.8-ஐயும் தாண்டிய மொட்டை டயர்கள் எங்கள் பக்கம் ஏராளம். டிரைவர்களின் அலட்சியம் என்று எழுதுவது சுலபம். நான் கேட்டவரை விஷயம் வாடகையில் இருக்கிறது. ஸ்டாண்டில் பல வண்டிகள் வாடகை வண்டிகள். தினமும் ஓனருக்கு ஒரு தொகை. வழக்கமான ஒப்பந்தம் இதுதான்: பஞ்சர் டிரைவர் கணக்கு, டயர் ஓனர் கணக்கு. ஆள் அதிகம் ஏற்றினால் வருமானம் டிரைவருக்கு, தேய்மானம் ஓனருக்கு. புது டயர் போட்டால் செலவு ஓனருக்கு, நிம்மதி டிரைவருக்கு. ஆகவே டிரைவர் டயரைப் பார்ப்பதில்லை, ஓனர் டயர் வாங்குவதில்லை. நூல் தெரிகிற வரை ஓடும். சொந்த வண்டி வைத்திருப்பவரின் டயரை வாடகை வண்டி டயருக்குப் பக்கத்தில் வைத்தால் யாருடையது எது என்று நானே இப்போது சொல்லிவிடுவேன்.

ஆள் ஏற்றாமல் ஓட்டலாமே என்று கேட்கலாம். கூட்டுரோட்டிலிருந்து உள்ளே இருக்கும் கிராமங்களுக்கு பஸ் எண்ணி எண்ணித்தான் வரும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள் எல்லோரும் தனி ஆட்டோ பிடித்துப் போகிற வசதியில் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று பகிர்ந்தால்தான் கட்டும். மூன்று பேர் என்ற பர்மிட் எண் யாரோ ஒருவர் முழு வாடகை கொடுப்பார் என்று நினைத்து எழுதியது. அந்த எண்ணுக்கும் நிஜமாக ஏறும் தலைகளுக்கும் உள்ள இடைவெளியை இடது பின் டயர் சுமக்கிறது. ஏன் இடது என்றால், தண்ணீர் வடிய ரோட்டை ஓரம் நோக்கிச் சரித்துப் போடுகிறோம். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். வண்டி எப்போதும் கொஞ்சம் இடதுபுறம் சாய்ந்தே போகிறது.

தேய்ந்த ரப்பர் என்ன ஆகிறது என்று யாரும் ரொம்ப நாள் கவலைப்படவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் பக்கம் மழை பெய்தால் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்தன. பல வருடம் தேடி, 2020 டிசம்பரில் காரணத்தை வெளியிட்டார்கள். டயரில் விரிசல் விடாமல் இருக்க ரப்பரில் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள், தேய்ந்த தூளில் ஓசோனோடு சேர்ந்து இன்னொன்றாக மாறி மீனைக் கொல்கிறது. நம் ஓடைகளில் சால்மன் இல்லை. கெண்டையும் விராலும் இருக்கின்றன. கூட்டுரோட்டு மழைத்தண்ணீரும் வாய்க்காலுக்குத்தான் போகிறது.

*

போன மாதம் மறுபடி கடைக்குப் போனபோது ஒரு பையன் புது டயர் ஒன்றோடு வந்திருந்தான். ஒன்றுக்குத்தான் காசு. பின்னால் இருக்கும் மொட்டையை எடுத்துவிட்டு அங்கே போடச் சொன்னான்.

"முன்னாடி போடுடா," என்றார் அண்ணன்.

"பின்னாடிதானணா லோடு? அதானணா தேயுது?"

"பின்னாடி ஒண்ணு போச்சின்னா இன்னொண்ணு இருக்குது, இழுத்துகினு போயி ஓரங்கட்டிடலாம். முன்னாடி ஒண்ணே ஒண்ணுதான். அது போச்சின்னா கவுந்துரும். நல்லத முன்னாடி போடு, முன்னாடி இருக்கறத பின்னாடி போடு, அந்த மொட்டைய வுட்டுட்டுப் போ."

பையன் யோசித்தான். பிறகு சரி என்றான். சக்கரங்கள் கழன்று, மாறி, மறுபடி ஏறின. ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். குமிழி இல்லை. முன் சக்கரத்துக்குக் காற்று விட்டார், மீட்டரைப் பார்த்தார், உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். மீட்டரைவிட அந்தத் தட்டலில்தான் அவருக்கு நம்பிக்கை.

"பின்னாடி எவ்ளோடா வுடட்டும்?"

பையன் மொபைலில் மணி பார்த்தான். மூன்றே முக்கால்.

"ஸ்கூல் வுடற நேரம்ணா. முப்பத்தஞ்சா வெச்சிடு."

"எத்தினி புள்ளைங்க?"

"பதினொண்ணு."

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. இடது பின் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கம்ப்ரசரைப் போட்டார். முள் முப்பத்தைந்தைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போய் நின்றது.